ஜெப எண்ணெயும் மூன்றாம் பிரஸ்ஸும்

இன்ஸ்பெக்‌ஷன் மேசையிலிருந்து நிமிர்ந்தால் என் கணவர் செல்வினின் முதுகு தெரியும். அந்த முதுகுக்கு அப்பால், தகட்டை அழுத்தி வளைக்கும் மூன்றாம் பிரஸ். தகட்டோடு உள்ளே போகும் கை, வெறுமையாக வெளியே வரும் கை, பெடலை மிதிக்கும் கால். அடுத்த நொடி தரையோடு சேர்த்து என் மேசையையும் ஆட்டுகிற ஓர் இடி. கார் கதவுக்கான பிராக்கெட் ஒன்று பிறந்துவிடும். அதன் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது என் வேலை.

அன்று காலை டீ முடிந்து வந்து உட்கார்ந்தேன். வழக்கம்போல நிமிர்ந்தேன். கை உள்ளே போனது. பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் நிற்கும் மஞ்சள் தூண்களில் எப்போதும் எரியும் பச்சை விளக்கைக் காணோம். சிவப்பும் இல்லை. இரண்டு தூணும் செத்துக் கிடந்தன.

கண்ட்ரோல் பெட்டியில் ஒரு சாவி சொருகியிருந்தது. அதில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் ஒவ்வொரு இடிக்கும் ஆடியது.

அந்தத் தூண்களை நாங்கள் 'கண்' என்போம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, நமக்குத் தெரியாத ஓர் ஒளி போய்க்கொண்டே இருக்கும். கை உள்ளே இருக்கும்போது கால் தவறிப் பெடலை மிதித்துவிட்டாலும், ஒளி மறைவதைக் கண் பார்த்து பிரஸ்ஸை இறங்கவிடாது. அந்தச் சாவியைத் திருப்பினால் கண் மூடிக்கொள்ளும். அப்புறம் பிரஸ்ஸுக்குத் தகடும் ஒன்றுதான், கையும் ஒன்றுதான்.

 நான் பயந்தது சாவியைப் பார்த்து மட்டுமல்ல. இந்தக் காட்சியை எனக்கு ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

மளிகைக் கடை மாடி

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம். தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். கம்பெனி வேலைக்காகச் சென்னைப் பக்கம் பென்னலூருக்குக் குடிவந்த புதிதில் ஹவுஸ் ஓனர் அம்மாவிடம், "ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போணும்க்கா, எங்கன இருக்கு?" என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். குன்றத்தூர் மலைக்கு எந்த பஸ்ஸில் ஏறவேண்டும், எந்தப் படிக்கட்டுப் பக்கம் கூட்டம் குறைவு என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். நானும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். வாடகைக்கு இருப்பவளால் வேறென்ன செய்யமுடியும்?

கடைசியில் எங்களுக்கு வாய்த்தது, தெருமுனை மளிகைக் கடைக்கு மேலே தகரம் போட்ட மாடியில் நடந்த ஒரு சின்ன சபை. பாஸ்டர் வாரநாள்களில் கம்பெனி வேன் ஓட்டுவார். முதல் நாளே ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சிஸ்டர், ரட்சிக்கப்பட்டீங்களா?" என்று கேட்டார்.

"நாங்க பொறந்ததே கிறிஸ்தவக் குடும்பத்துலதான்" என்றேன்.

"பொறந்தா ஆச்சா?" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பூட்டன் காலத்தில் கட்டிய கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவளை, நேற்று போட்ட தகரத்தின் கீழே உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குழம்பு கொதிக்கும்போதும் கூடவே நின்றது. நான் யார்? ஊர்க்கோயில் பதிவேட்டில் பேர் இருப்பதால் மட்டும் நான் ஆண்டவருடைய பிள்ளையாகிவிடுவேனா?

அந்த மாடியில் கிறிஸ்தவர்கள் இரண்டு வகை. ஆவிக்குரியவர்கள், பெயர்க் கிறிஸ்தவர்கள். காதிலோ கழுத்திலோ ஏதாவது மின்னினால் நீங்கள் இரண்டாம் வகை. என் கழுத்தில் தாலிச் சங்கிலி இருந்தது. சின்னச் சிலுவை பதித்த தாலி. சிலுவையே இருந்தும் செல்லுபடியாகவில்லை.

ஆனாலும் நாங்கள் அங்கேதான் போனோம். காரணம் ரூபி அக்கா. எங்கள் கம்பெனியிலேயே ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர். குன்றத்தூர்க்காரர், கல்யாணமாகிச் சில வருடம் கழித்து விசுவாசத்துக்கு வந்தவர். அதற்காகப் பிறந்த வீட்டில் அவரைச் சேர்க்கவில்லை. எனக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்தபோது ஷிப்ட் முடிந்து நேராக வந்து கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் தன் வீட்டுக்குப் போவார். ஒருநாள்கூட அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

சபையில் ஜெபித்துக் கொடுக்கிற எண்ணெயை ரூபி அக்கா ஒரு குட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் எப்போதும் வைத்திருப்பார். ஆலிவ் எண்ணெயில் ஏதோ அத்தர் கலந்தது. மல்லிகையும் தைலமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. அந்த வட்டாரத்தில் எண்ணெய் படாத பொருள் குறைவு. ஐடி கார்டு, பைக் ஹேண்டில்பார், சேஃப்டி ஷூ, இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையின் காலர். ஒருமுறை எங்கள் குக்கர் விசிலே வரவில்லை என்றதும் அதன் மூடிக்கும் ஒரு சொட்டு வைத்தார். நான் சிரித்தேன். "சிரிக்காத பியூலா. நமக்கு இன்னா தெரியும்? அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார். கேஸ்கட் மாற்றியதும் குக்கர் சரியாகிவிட்டது.

பொரியும் சந்தனமும்

கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் எங்கள் ஆட்களுக்குப் பெரிய தலைவலி. பிரஸ்ஸுக்கெல்லாம் மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் தருவார்கள். வாங்கலாமா, வாங்கினால் தின்னலாமா, தின்றால் பாவமா? ஒரு வாரம் முன்பிருந்தே மாடியில் இதுதான் பேச்சு. லீவு போட்டுவிடுகிறவர்களும் உண்டு.

செல்வினுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. அங்கேயே நின்று பொரியைத் தின்றுவிட்டுக் கடலையைத் தனியாகப் பொறுக்குவார். நான் வாங்கிப் பையில் வைத்து, வீட்டுக்குப் போய் ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். ரூபி அக்கா வாங்கவே மாட்டார். வரிசை வரும் நேரம் பார்த்துக் கழிவறை கழுவப் போய்விடுவார்.

பூஜையை முன்னின்று நடத்துபவர் சூப்பர்வைசர் தணிகாசலம். வல்லத்துக்காரர், உள்ளூர் ஆள். பிரஸ் ஷாப் நிற்கிற இடத்தில் அவர் அப்பா நெல் நட்டிருக்கிறார். அவர் ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் சந்தனப் பொட்டு வைப்பதை நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மோட்டார் கவர் மேல் ஒன்று, கண்ட்ரோல் பெட்டியின் பக்கவாட்டில் ஒன்று, நல்ல நிதானமாக வைப்பார். அந்த வருடம் வைத்த பொட்டு, நான் சொல்ல வந்த வாரத்திலும் மூன்றாம் பிரஸ்ஸின் மேல் காய்ந்து வெடித்து ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த வார்த்தை

அந்த வெள்ளி எனக்கு வார லீவு. மாடியில் உபவாச ஜெபம். சென்னையிலிருந்து, சபை சபையாகப் போய்ப் பிரசங்கம் செய்கிற ஓர் ஊழியக்கார அம்மா வந்திருந்தார். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, கூர்மையான பார்வை. ஜெபத்தின் நடுவில் திடீரென்று நிறுத்தினார். தகரத்தின் மேல் அணில் ஓடுவது கேட்டது.

"இங்கே ஒரு மகளை ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார்" என்றார். "உன் புருஷனுடைய கையைப் பார்க்கிறேன். இரும்பைப் பார்க்கிறேன். ரத்தத்தைப் பார்க்கிறேன்."

நேராக வந்து என் தலையில் கை வைத்தார். பிறகு குனிந்து, என் சங்கிலியை ஒரு விரலால் தூக்கிக் காட்டி, மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "சத்துரு நுழைகிற வாசல் இதுதான். இதை எடுத்துப் போடு."

பென்னலூரில் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பெண்ணைத் தொட்டு, "உன் புருஷன் பக்கத்தில் இரும்பு தெரிகிறது" என்றாலும் சரியாகத்தான் இருக்கும். இந்தப் புத்தியெல்லாம் எனக்கு இப்போது வருகிறது. அன்று வரவில்லை. அந்த அம்மாவுக்கு என்னைத் தெரியாது. என் கணவருக்கு என்ன வேலை என்று தெரியாது. அப்புறம் எப்படிச் சொன்னார்? பக்கத்தில் ரூபி அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வடிய, ஆவி வந்தால் பேசுகிற அந்நிய பாஷையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

படியிறங்கும்போது, "நீ பயப்படாத. தம்பி கைய நான் பாத்துக்கறேன்" என்றார் ரூபி அக்கா. எனக்காக ஜெபிப்பார் என்று எடுத்துக்கொண்டேன்.

பயந்த கை

செல்வினிடம் சொல்லவில்லை. பிரஸ் ஓட்டுகிறவனின் கை யோசிக்கக்கூடாது. ஒரு தாளத்தில் போய்வந்துகொண்டே இருக்கவேண்டும். பயந்த கை தடுமாறும், தடுமாறும் கைதான் மாட்டும். சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. சோறு பிசையும்போது அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

"என்ன பிள்ள, உப்பு கூடிப்போச்சா? அப்படிப் பாக்க" என்றார்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

ஆண்டவரிடம் ஞானம் கேட்டேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நீரே சொல்லும் என்று கேட்டேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் வைத்த இடத்தை ஆண்டவரின் பதிலாக எடுத்துக்கொள்வார்கள். நானும் விரல் வைத்தேன். யாருக்கு யார் பிள்ளை என்று பேர் பேராகப் போகும் ஒரு வம்ச வரலாறு வந்தது. மறுபடி வைத்தேன். கூடாரத்துக்கு எத்தனை திரை, எத்தனை வளையம் என்று வந்தது. மூன்றாவது தடவை வைக்கப் பயமாக இருந்தது. சரியான பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

திங்கட்கிழமை மூன்றாம் பிரஸ் நிற்கத் தொடங்கியது. உள்ளே கையே இல்லாதபோதும் கண்ணில் சிவப்பு எரியும், பிரஸ் பாதியில் நின்றுவிடும். மெயின்டனன்ஸ்காரர்கள் வந்து ஒயரைப் பார்த்தார்கள், தூணை நிமிர்த்தினார்கள், பஞ்சு வேஸ்டால் துடைத்தார்கள். கொஞ்சநேரம் ஓடும். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்தால் மறுபடி சிவப்பு. மறுநாளும் அதே கதைதான். கண் பழசாகிவிட்டது, புதிதுதான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டார்கெட் விழுந்துகொண்டே வந்தது. தணிகாசலத்தின் முகமும் விழுந்துகொண்டே வந்தது.

பிரஸ் நிற்கும்போதெல்லாம் நிமிர்ந்து செல்வினின் கையைத் தேடுவேன். இதுதான் எச்சரிக்கையா? இனிமேல்தான் நடக்கப் போகிறதா?

அதற்கடுத்த காலையில் சங்கிலியைக் கழற்றினேன். அவர் குளித்துக்கொண்டிருந்த நேரம். புருஷனைக் காப்பாற்ற அவன் கட்டிய தாலியையே கழற்றுவது எப்படிப்பட்ட விசுவாசம் என்று எனக்குள் யாரோ கேட்டார்கள். பதில் சொல்லாமல் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். ஹவுஸ் ஓனர் அம்மா பார்த்துவிட்டால் என்ன கேட்பார் என்று ஒரு பயம், ஆண்டவர் பார்த்துவிட்டாரா என்று ஒரு பயம். வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வின் எதையும் கவனிக்கவில்லை.

அன்றுதான் டீ முடிந்து வந்து நிமிர்ந்தேன். அன்றுதான் அந்தச் சாவி.

மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

சங்கிலியைக் கழற்றியதால் இது நடக்கிறதா, கழற்றாமல் இருந்திருந்தால் இதற்குள் நடந்தே முடிந்திருக்குமா? உட்கார்ந்த இடத்திலேயே என் மூளை இந்தக் கணக்கைப் போட ஆரம்பித்தது. ஒரு பக்கம் கை போய்வந்துகொண்டிருந்தது. ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது.

கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடினேன். கத்தினால் அவர் திடுக்கிடுவார். திடுக்கிட்டால் கால் அழுத்தும்.

ஆகாயத்திலிருந்து குரல் வரும் என்று நாள்கணக்காகக் காத்திருந்தவளுக்குக் கடைசியில் வந்த ஞானம் இவ்வளவுதான்: கத்தாதே, மெதுவாகப் போ. அதை இன்றும் ஆண்டவரின் பதில் என்றே நம்புகிறேன். மேடையில் சொன்னால் யாரும் கைதட்டமாட்டார்கள்.

எழுந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் பெண்கள் மஞ்சள் கோட்டைத் தாண்டி பிரஸ் பக்கம் போகக்கூடாது. தாண்டினேன். அவர் பார்வையில் படாமல், நிழலும் அவர் மேல் விழாமல், கண்ட்ரோல் பெட்டியின் பக்கமாகச் சுற்றிப் போனேன். கால் எங்கே வைக்கிறேன் என்றே தெரியவில்லை. கை உள்ளே போனது. நின்றேன். கை வெளியே வந்தது. இடி. மறுபடி கை உள்ளே போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கை வெளியே வந்த நொடியில் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன்.

பிரஸ் பெருமூச்சு விட்டு நின்றது. செல்வின் திரும்பிப் பார்த்தார். "ஏ, என்ன?" என்றார். செத்துக் கிடந்த தூணைக் காட்டினேன். 

தணிகாசலம் ஓடிவந்தார். "இன்னாமா, உனக்கு இன்னா ஆச்சு? யாரக் கேட்டு நிறுத்துன?"

"சார், கண்ணு மூடிக் கெடக்கு."

"தெரியும்மா. நான்தான் மூட்னேன். சும்மா சும்மா நிக்குது. புதுசு ஆர்டர் போட்டுக்கீது. அது வர்ற வரிக்கும் வண்டி ஓட வாணாமா? மேல இருக்கறவனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"அதுக்கு இவுக கையவா குடுக்கணும்?"

நான் சூப்பர்வைசரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.  நான் அவரைப் பார்க்காமல் மஞ்சள் தூணைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, கண்ணாடிப் பட்டையில் ஏதோ பளபளத்தது. பிரஸ் ஷாப்பில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சுவரில், தரையில், சோற்று டப்பா மூடியில்கூட எண்ணெய்தான். ஆனால் இது தெறித்த எண்ணெய் அல்ல. மேலிருந்து கீழாக ஒரு கோடு. குறுக்கே ஒரு சின்னக் கோடு. மற்றவர்களுக்கு அது வெறும் கறை. எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

விரலால் தொட்டு முகர்ந்தேன். மல்லிகையும் தைலமும்.

என் துப்பட்டா நுனியால் துடைத்தேன். எதிர்த் தூணிலும் அதே சிலுவை இருந்தது. அதையும் துடைத்தேன். பட்டையின் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை பிசுக்கே இல்லாமல் அழுத்தித் துடைத்தேன். "சார், இப்பம் சாவியத் திருப்பிப் பாருங்க" என்றேன்.

அவர் திருப்பினார். இரண்டு தூணிலும் பச்சை எரிந்தது. கையை நீட்டினார், சிவப்பு. எடுத்தார், பச்சை. திரும்பத் திரும்ப நீட்டிப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். "இது நம்ம எண்ணெ இல்லியே. இன்னா வாசன இது?"

நான் விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். சொன்னால் ஒரு பெண்ணின் வேலை போகும். சொல்லாவிட்டால் இன்று மதியமே மறுபடி சிலுவை விழும்.  'உங்க ஆளுங்க' என்று நாளைக்குக் கேன்டீனில் பேசுவார்கள் என்ற பயமும் இருந்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தான் சார் பூசுனேன்."

ரூபி அக்கா மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "தம்பி கைக்கு ஆபத்து வருதுன்னு சபைல சொன்னாங்க. அந்தக் கண்ணுதான் கையக் காப்பாத்துதுன்னு நீங்கதானே சார் மீட்டிங்ல சொன்னீங்க. அதான், அதுக்கு மேலயே டெய்லி ஜெபம் பண்ணிப் பூசுனேன். அது நிக்கிது நிக்கிதுன்னு சொன்னப்பல்லாம், இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாப் பூசுனேன்."

சொல்லச் சொல்ல அவருக்கே புரிந்துகொண்டு வந்தது. அதை அவர் முகத்தில் பார்த்தேன்.  "என்னாலயா சார் சாவி போட்டீங்க?" என்றார்.

தணிகாசலம் கத்தவில்லை. பிரஸ் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

"நாங்களுந்தாமா பொட்டு வெக்கிறோம்" என்றார். "கண்ணுல வெக்க மாட்டோம்."

சாவியை உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இத்த இத்தோட வுட்ரலாம். நான் சாவி போட்டதும் வெளிய போவ வாணாம், நீ எண்ணெ வெச்சதும் வெளிய போவ வாணாம். போ, வேலயப் பாரு." அவருக்கும் பயம்தான்.

சாப்பாட்டு நேரத்தில் செல்வின் என் எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்காமலே இருந்தார். "அதான் இத்தன நாளா எங் கையவே பாத்துக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அப்புறம் அவர் கண் என் கழுத்துக்குப் போனது. துடைத்த துப்பட்டா மடியில் கிடந்தது. நான் எதையும் மறைக்கவில்லை. "வீட்டுல இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "அரிசி டின்னுல" என்றேன். சாயங்காலம் போனதும் அவரே அரிசிக்குள் கைவிட்டு எடுத்து, ஊதிவிட்டு, என் கழுத்தில் போட்டார். அந்தக் கையின் எல்லா விரல்களும் என் பிடரியில் பட்டன. அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை, அழுதேன்.

சாட்சி

இதோடு முடிந்திருந்தால் எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

பிரஸ் நின்று நின்று போன கதை எப்படியோ மாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே அது வேறு உருவம் எடுத்திருந்தது. ரத்தம் சிந்தும் என்று வார்த்தை வந்தது, எண்ணெய் பூசப்பட்டது, உடனே தூதன் இறங்கி வந்து பிரஸ்ஸை நிறுத்தி நிறுத்தி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஊழியக்கார அம்மாவே மறுபடி வந்திருந்தார். பாஸ்டர் மைக்கில், "சகோதரி பியூலா சாட்சி சொல்லுவாங்க" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மைக்கை நோக்கி நடந்தது, மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்ததைவிடப் பயமாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். பொய் இல்லை அது, கை தப்பியது தப்பியதுதான். உள்ளதைச் சொன்னால் ரூபி அக்காவை எல்லார் முன்னாலும் நிறுத்துவதாகும். பிறந்த வீட்டை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த மாடியை விட்டால் போக்கிடம் கிடையாது. எனக்கும் அங்கே அதன் பிறகு இடம் இருக்காது. பெயர்க் கிறிஸ்தவள், அதனால்தான் எண்ணெயைப் பழிக்கிறாள் என்பார்கள். அந்த ஊழியக்கார அம்மா என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துவிட்டார். பார்வையை எடுக்கவே இல்லை.

இன்னொன்றும் என்னை அரித்தது. அந்த அம்மா சொன்ன வார்த்தை மெய்யா, பொய்யா? அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எண்ணெய் இல்லை, சாவி இல்லை, ஆபத்தே இல்லை. ஆண்டவர் சொன்ன வார்த்தையென்றால் அது ஏன் ஒரு கையைப் பிரஸ்ஸுக்குள் கொண்டுபோய் வைத்தது? இதைக் கேட்பதே பாவமோ? இன்று வரை எனக்கு விடை தெரியாது.

முன்வரிசையைத் தாண்டும்போது ஒரு பெண் என் கையைத் தொட்டு நிறுத்தினார். அவர் கணவர் ஒரகடத்தில் பிரஸ் ஓட்டுபவர் என்று எனக்குத் தெரியும். மடியில் புதிதாக வாங்கிய குட்டி பாட்டில் இருந்தது. என் காதருகில், "அக்கா, மெஷின்ல எந்த எடத்துல பூசணும்?" என்று கேட்டார்.

நான் மைக்கைப் பிடித்தேன்.

"கர்த்தர் எங்க வீட்டுக்காரர் கையக் காப்பாத்துனாரு" என்றேன்.

அல்லேலூயா என்று தகரமே அதிர்ந்தது. அது அடங்கும் வரை காத்திருந்தேன். ரூபி அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெயிலேருந்து காப்பாத்துனாரு" என்றேன்.

 பாஸ்டர் என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். யார் பூசினது என்று சொல்லவில்லை. கண்ணில் எண்ணெய் பட்டால் கண் தெரியாது, கண் தெரியாவிட்டால் பிரஸ் நிற்கும், நின்றுகொண்டே இருந்தால் யாராவது சாவி போடுவார்கள், சாவி போட்டால் கை போகும். "உங்க வீட்டுக்காரங்களுக்காக முழங்கால்ல நில்லுங்க. அவுக மெஷினத் தொடாதீங்க. இதச் சொல்லத்தான் கர்த்தர் என்னய இங்க நிறுத்தியிருக்காருன்னு நெனைக்கேன்" என்று முடித்தேன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. ஊழியக்கார அம்மா கண்களை மூடிக்கொண்டார். நான் சாட்சியை முடித்தால் சபை பதில் சொல்லவேண்டும், அதுதான் முறை. அந்த மௌனத்தில் மைக்கைப் பிடித்தபடி, எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். இனி நான் எந்த வகைக் கிறிஸ்தவள் என்றும் தெரியவில்லை.

ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ரூபி அக்கா எழுந்து நின்றார். அழுது வீங்கிய முகத்தோடு, சபை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒற்றை ஆளாகச் சொன்னார்:

"ஆமென்."